மைல் கரைவதற்குள் செலவழிப்பது எப்படி: திருவனந்தபுரத்தில் ஏறும் குமரிப் பயணிகளுக்கு

மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், தக்கலை, நாகர்கோவில் என்று எங்கிருந்து கிளம்பினாலும் கல்ஃப் போகிறவர்கள் பெரும்பாலும் விமானம் ஏறுவது களியக்காவிளை எல்லைக்கு அப்பால், திருவனந்தபுரத்தில்தான். துபாய்க்கு எமிரேட்ஸ், தோஹாவுக்குக் கத்தார் ஏர்வேஸ், அபுதாபிக்கு எத்திஹாத், இவற்றோடு ஏர் இந்தியா குழுமத்தின் விமானங்கள். டிக்கெட்டுக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுக்கிறோம். அதோடு சேர்ந்து வரவேண்டிய மைலை, அதாவது பறந்ததற்காக விமான நிறுவனம் நம் கணக்கில் ஏற்றி, பிறகு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள விடும் புள்ளியை, பாதிப் பேர் கேட்டு வாங்குவதே இல்லை. வாங்குகிறவர்களும் “கிடக்கட்டும், பிறகு மொத்தமாக எடுக்கலாம்” என்று போட்டுவைக்கிறார்கள். மைலைத் தங்கம் போல நினைத்து லாக்கரில் வைப்பது தவறான கணக்கு. குளச்சல் துறைமுகத்தில் இறங்கும் மீனுக்குக் காலையில் இருக்கும் விலை மாலையில் இருப்பதில்லை; மைலும் அப்படித்தான் போகிறது. எப்படிச் சேர்ப்பது, எப்படி மதிப்புப் பார்ப்பது, எப்போது செலவழிப்பது, எங்கே பணம் நழுவுகிறது என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

மதிப்பு ஏன் குறைகிறது

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தொடங்கிய மைல் திட்டம்தான் இன்றுள்ள எல்லாவற்றுக்கும் முன்மாதிரி. அன்றைய கணக்கு எளிது: எத்தனை மைல் பறந்தீர்களோ அத்தனை மைல் கணக்கில் ஏறும். திருவனந்தபுரம்–துபாய் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 1,830 மைல். பழைய முறையில் ஒரு வழிக்கு அவ்வளவு கிடைத்திருக்கும். இப்போது பல நிறுவனங்கள் தூரத்தைப் பார்ப்பதில்லை. கொடுத்த பணத்தைப் பார்க்கின்றன. அமெரிக்க நிறுவனங்களான டெல்டாவும் யுனைடெட்டும் 2015-இல் அப்படி மாறின, அமெரிக்கன் 2016-இல். ஏர் இந்தியா 2024-இல் தன் திட்டத்தைப் பணக்கணக்குக்கு மாற்றியது. அதே திட்டத்துக்கு இப்போது மகாராஜா கிளப் என்று பெயர். மலிவு டிக்கெட்டில் பறக்கும் தொழிலாளிக்கு இந்த மாற்றத்தால் வரவு குறைந்தது. விலை கூடிய டிக்கெட்டை நிறுவனச் செலவில் வாங்கும் அதிகாரிக்கு வரவு கூடியது.

அதைவிடப் பெரிய காரணம், மைலை அச்சடிப்பதும் அதற்கு விலை வைப்பதும் ஒரே கை என்பதுதான். விமான நிறுவனங்கள் மைலை வங்கிகளுக்கு மொத்தமாக விற்கின்றன. வங்கிகள் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கின்றன. எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு ஓர் அளவு: 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது டெல்டா தன் மைல் திட்டத்தை ஈடாக வைத்து 900 கோடி டாலர் கடன் திரட்டியது, யுனைடெட் 680 கோடி டாலர் திரட்டியது. புழக்கத்தில் மைல் பெருகிக்கொண்டே போகிறது; விமானத்தில் காலி இருக்கை அதே வேகத்தில் பெருகுவதில்லை. செலவழிக்காத மைல் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் கடனாக நிற்கிறது. அந்தக் கடனைக் குறைக்க எளிய வழி, ஒரு இருக்கைக்குக் கூடுதல் மைல் கேட்பது. முன்னறிவிப்பு இல்லாமலே விதியை மாற்றலாம் என்பது நீங்கள் சேரும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய நிபந்தனைகளில் பெரும்பாலும் இருக்கும்.

குறைப்பு எப்போதும் ‘விலை ஏற்றம்’ என்ற பெயரில் வருவதில்லை. சில நேரம் நேரடியாக வரும்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையர் 2022 ஜூலையிலும், மறுபடி 2025 நவம்பரிலும் இருக்கைக்கான மைலை உயர்த்தியது. சில நேரம் எந்த வழித்தடத்துக்கு எத்தனை மைல் என்ற விலைப்பட்டியலையே எடுத்துவிடுவார்கள்: டெல்டா 2015-லும் யுனைடெட் 2019-லும் அதைச் செய்தன. பட்டியல் போய்விட்டால் எவ்வளவு ஏறியது என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடியாது. இன்னொரு வழி, பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு அந்த விலைக்குத் தரும் இருக்கையைக் குறைப்பது. கடைசி வழி, மைல் டிக்கெட்டின் மேல் போடும் எரிபொருள் கட்டணத்தை ஏற்றுவது. கடைசி இரண்டும்தான் கல்ஃப் பயணியை அதிகம் கடிக்கின்றன. அறிவிப்பு எதுவும் வராது என்பதால் கவனிக்கிறவரும் குறைவு.

சேரும்போது பெயர்

சேர்வதற்குக் காசு கிடையாது. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு மைல் போகும் முதல் இடம் பெயர்தான். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் ‘சர்நேம்’ கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். உறுப்பினர் கணக்கைத் தொடங்கும்போது வீட்டில் எழுதுவது போல இனிஷியல் போட்டுப் பதிந்தால், டிக்கெட்டில் முழுப் பெயர் இருக்கும், கணக்கில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். கணினி இரண்டையும் வேறு ஆள் என்று எடுத்துக்கொள்ளும், மைல் ஏறாது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்து, கிவன் நேம், சர்நேம் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். சர்நேம் காலியாக இருந்தால், விமான நிறுவனம் உங்கள் பழைய டிக்கெட்டில் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அதே போல் பதியுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துப் பெயரைப் பிரித்தவர்கள் மைல் கணக்கிலும் மாற்ற வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளதாகவே இருக்கட்டும். பள்ளியில் சேர்க்க எழுதிய மே மாதத் தேதிதான் பலருக்கு அதிகாரப்பூர்வப் பிறந்தநாள். அது ஏன் முக்கியம் என்பது காலாவதிப் பகுதியில் வரும்.

எல்லாத் திட்டத்திலும் சேர்ந்துவைப்பதில் தவறில்லை. ஆனால் சேமிப்பை ஒன்றிரண்டில் மட்டும் குவியுங்கள். ஐந்து கணக்கில் நாலாயிரம் நாலாயிரமாகக் கிடந்தால் ஒன்றிலும் டிக்கெட் வராது. நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்கு நேர் விமானம் விடும் நிறுவனம் எதுவோ அதுவே முதல் கணக்கு. எமிரேட்ஸ், கத்தார் இரண்டிலும் குடும்பத்தார் மைலை ஒரே இடத்தில் சேர்க்கும் வசதி உண்டு. மனைவி மக்களைக் கூட்டிப் போகிறவர்கள் முதல் பயணத்துக்கு முன்பே அதைத் தொடங்கிவிட வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போது

ஏஜென்சியில் பாஸ்போர்ட் நகல் கொடுக்கும்போதே உறுப்பினர் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். மறந்தால் ஆன்லைன் செக்-இன் நேரத்தில் பி.என்.ஆர். போட்டுத் திறந்து நீங்களே சேர்க்கலாம். அதுவும் தவறினால் கவுன்டரில் பெட்டி போடும்போது சொல்லலாம். போர்டிங் பாஸில் எண் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டில் ‘கிளாஸ்’ என்ற இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எகானமியிலேயே பல எழுத்துகள் உண்டு. எழுத்தைப் பொறுத்து மைல் மாறும், சிலவற்றுக்கு ஒன்றும் கிடையாது. ஆள் எடுக்கும் நிறுவனங்கள் மொத்தமாகப் போடும் குரூப் டிக்கெட்டில் பெரும்பாலும் மைல் ஏறாது. கப்பல் வேலைக்குப் போகும் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு எடுக்கும் மரைன் ஃபேர் தனி வகை. அதில் பெட்டி எடை கூடக் கிடைக்கும், மைல் கிடைக்குமா என்பது நிறுவனத்தையும் எழுத்தையும் பொறுத்தது. இரண்டு டிக்கெட்டுக்கு விலை வித்தியாசம் ஆயிரம் ரூபாய் என்றால், மைலுக்காக விலை கூடியதை எடுக்காதீர்கள். பெட்டி எடை, நேரம், தேதி மாற்றும் வசதி ஆகியவற்றுக்காக எடுங்கள்.

பயணம் முடிந்து பத்துப் பதினைந்து நாளில் மைல் ஏறவில்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும். அதற்குத் தேவை இரண்டு: போர்டிங் பாஸின் படம், பதின்மூன்று இலக்க டிக்கெட் எண். பி.என்.ஆர். வேறு, டிக்கெட் எண் வேறு. டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைச் சொல்லும்: எமிரேட்ஸ் 176, கத்தார் 157, எத்திஹாத் 607, ஏர் இந்தியா 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618. ஏஜென்சி தரும் தாளில் இந்த எண் இல்லையென்றால் இ-டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். விடுபட்ட மைலைக் கேட்கப் பல திட்டங்களில் சில மாதக் கெடுவே உண்டு. அடுத்த லீவுக்கு வரும்போது பார்ப்போம் என்றால் கெடு தாண்டியிருக்கும்.

ஒரு மைல் எத்தனை பைசா

இதை ஒருமுறை கற்றுக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாக வரும். கணக்கு இதுதான்: மைல் இல்லாமல் போனால் கையிலிருந்து போகும் பணம், அதிலிருந்து மைல் டிக்கெட்டுக்கும் கட்ட வேண்டிய வரியும் கட்டணமும் கழித்து, மீதியை மைல் எண்ணிக்கையால் வகுப்பது.

மைல் டிக்கெட் இலவச டிக்கெட் அல்ல என்பதை இங்கே மனதில் வைக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் 2024 ஜூலை 1 முதல் உயர்த்தப்பட்ட விமான நிலையக் கட்டணம் வெளிநாடு புறப்படுகிறவருக்கு 1,540 ரூபாய், வந்திறங்குகிறவருக்கு 660 ரூபாய் என்று தொடங்கியது. அதன் பிறகும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும்படிதான் உத்தரவு. மைலில் போகிறவருக்கும் இதில் விலக்கில்லை. இதன் மேல் அந்த நாட்டு விமான நிலைய வரி, அதற்கும் மேல் விமான நிறுவனம் தானே போடும் எரிபொருள் கட்டணம்.

கணக்குப் புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஆடி மாதம், கூட்டம் குறைவு. துபாய் போய்வர அதே நிறுவனத்தில் டிக்கெட் 22,000 ரூபாய். மைலில் எடுத்தால் 40,000 மைலும் 8,500 ரூபாயும். 22,000-இல் 8,500 போக 13,500. வகுத்தால் மைலுக்குச் சுமார் 34 பைசா. இப்படித்தான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். இதில் ஒரு பிழை உண்டு. அதே நாளில், அதே பெட்டி எடையோடு, இன்னொரு நிறுவனத்தில் 18,500-க்கு டிக்கெட் இருந்தால், மைல் இல்லாவிட்டால் நீங்கள் எடுத்திருக்கப் போவது அதைத்தான். ஆகவே 18,500-இல் 8,500 போக 10,000. மைலுக்கு 25 பைசா. ஒப்பிட வேண்டியது நீங்கள் உண்மையில் கொடுத்திருக்கும் பணத்தோடு. மைல் தரும் நிறுவனத்தின் விலையோடு அல்ல.

அதே பயணம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். கிடைக்கும் மலிவான டிக்கெட்டே 46,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விலையிலேயே மைல் இருக்கை கிடைத்தால் 46,500-இல் 8,500 போக 38,000. மைலுக்கு 95 பைசா. அதே 40,000 மைல், கிட்டத்தட்ட நாலு மடங்கு மதிப்பு. கிறிஸ்துமஸ், பெருநாள், ஓணம், கல்ஃப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஆகியவைதான் மைலுக்கு உரிய காலம். கூட்டமில்லாத மாதத்தில் ரொக்கம் கொடுத்துப் பறந்து, கூட்டம் நெரியும் மாதத்துக்கு மைலை வையுங்கள்.

ஆனால் இது நிலையான விலையில் இருக்கை தரும் திட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். ரொக்க விலை ஏற ஏற மைல் விலையும் ஏறும் திட்டங்களில் டிசம்பரும் ஒன்றுதான், ஆடியும் ஒன்றுதான். உங்கள் திட்டம் எந்த வகை என்று அறிய, ஒரே வழித்தடத்தில் நெரிசலான ஒரு நாளையும் வெறிச்சோடிய ஒரு நாளையும் போட்டுப் பாருங்கள். மைல் எண்ணிக்கை இரண்டிலும் மாறாமல் இருந்தால் நிலையான விலை.

ஒரு சிறு நோட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே வழித்தடத்துக்கு, தேதி, மைல், வரி, ரொக்க விலை நான்கையும் குறித்துவையுங்கள். குறைப்பை நிறுவனம் சொல்லும் முன் அந்த நோட்டு சொல்லிவிடும். 60 பைசா கிடைத்த இடத்தில் இரண்டு முறை தொடர்ந்து 45 வந்தால் மீண்டும் ஏறும் என்று காத்திருக்க வேண்டாம். அப்படி ஏறுவது மிக அரிது.

இருக்கை எடுப்பது

கிறிஸ்துமஸுக்கு மைலில் போக வேண்டுமென்றால் ஜனவரி பிப்ரவரியிலேயே தேடத் தொடங்க வேண்டும். பல நிறுவனங்கள் பதினோரு மாதம் முன்பே இருக்கையைத் திறக்கின்றன. போவதையும் வருவதையும் சேர்த்துத் தேடினால் ‘இல்லை’ என்று வரும். ஒவ்வொரு வழியாகப் பிரித்துத் தேடினால் ஒரு பக்கமாவது கிடைக்கும். விலை கூடிய பக்கத்தை மைலிலும் மலிவான பக்கத்தை ரொக்கத்திலும் எடுக்கலாம். நாலு பேருக்கு ஒரே விமானத்தில் கிடைக்காவிட்டால் இரண்டிரண்டாகத் தேடிப் பாருங்கள். சின்னக் குழந்தை இருந்தால் பெரியவர் ஒருவரோடு ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். உறுதி செய்யும் முன் ரத்துக் கட்டணத்தைப் பாருங்கள். லீவு தேதி முதலாளி கையில் இருப்பவருக்கு அது முக்கியம்.

மைலில் வாட்ச், ஸ்பீக்கர், கிஃப்ட் கார்டு வாங்குவது பெரும்பாலும் மிகக் குறைந்த மதிப்பு. டிக்கெட் விலையில் ஒரு பகுதியை மைலால் கழிக்கும் ‘கேஷ் பிளஸ் மைல்ஸ்’ வகையும் அநேகமாக அப்படியே. என்றாலும் இன்னும் இரண்டு மாதத்தில் காலாவதியாகப் போகும் 3,000 மைலுக்கு அதுதான் சரியான வழி. கரைந்து போவதைவிட நூறு ரூபாய் மேல்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் சேமித்துவைப்பதை ஆதரிக்கலாம்: வீட்டில் திடீர்ச் சாவு, ஆஸ்பத்திரி என்று தகவல் வந்து அன்றிரவே கிளம்ப வேண்டிய நிலை. அன்றைக்கு ரொக்க விலை தாறுமாறாக இருக்கும். சில நேரம் மைல் இருக்கை திறந்திருக்கும். ஒரு வழிக்கு வேண்டிய மைலை அதற்காக ஒதுக்கிவிட்டு, மீதியைச் செலவழித்துவிடுங்கள்.

காலாவதி

திட்டத்துக்குத் திட்டம் வேறு. எமிரேட்ஸில் மைல் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், கணக்கில் உள்ள பிறந்த மாத முடிவில் போய்விடும். நடுவில் பறந்தாலும் பழைய மைலுக்கு ஆயுள் நீளாது. பள்ளிச் சான்றிதழின் மே மாதத்தை மறந்து, வீட்டில் கொண்டாடும் கார்த்திகையை நம்பியிருந்தால் ஆறு மாதம் முன்பே மைல் போயிருக்கும். கிரிஸ்ஃபிளையரில் 36 மாதம். கத்தார் தன் மைலுக்கு வைத்திருக்கும் பெயரான ஏவியோஸ் வேறு மாதிரி: 36 மாதம் வரவும் செலவும் எதுவும் இல்லாமல் கிடந்தால்தான் போகும், இடையில் சிறு வரவு ஒன்று வந்தாலும் மொத்தமும் உயிர் பிடிக்கும். கத்தார் 2022-இல் ஏவியோஸுக்கு மாறியதால், அதைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்குக்கு ஒன்றுக்கு ஒன்றாக மாற்றவும் முடியும். மூன்று வருட கான்ட்ராக்டில் ஒருமுறை மட்டும் ஊர் வருகிறவருக்கு இந்த வகையே தோது.

நிறுவனமே நின்றுபோனால் எந்தக் காலாவதி விதியும் உதவாது. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, மைலும் அதோடு போனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. மைல் வேறு பெயரில் தொடர்ந்தாலும், எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அது இல்லை. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது புள்ளிகள் மாற்றப்பட்டன. ஒரு நிறுவனம் சம்பளம் தாமதிக்கிறது, விமானங்களைக் குறைக்கிறது என்று செய்தி வந்தால் முதலில் மைலைச் செலவழியுங்கள்.

தகுதி நிலையும் பெட்டி எடையும்

அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் சில்வர், கோல்டு என்ற நிலைகளில் நம்மவர்களுக்கு உண்மையில் பயன் தருவது பெட்டி எடைதான். எடைக் கணக்கில் பெட்டி ஏற்றும் வழித்தடங்களில் எமிரேட்ஸ் சில்வருக்குக் கூடுதலாக 12 கிலோ, கோல்டுக்கு 16 கிலோ. ஆனால் சில்வருக்கே 25,000 டயர் மைலோ (நிலைக்காக மட்டும் எண்ணும் தனி மைல்), ஆண்டுக்கு 25 பயணமோ வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர் அதைத் துரத்த வேண்டாம். மாதந்தோறும் பறக்கும் வியாபாரி, சூப்பர்வைசர் இவர்கள் எல்லாப் பயணத்தையும் ஒரே நிறுவனத்தில் வைத்தால் எட்டும்.

கார்டு வழி வரும் மைல்

இந்தியாவில் இருக்கும் குடும்பத்தார் கிரெடிட் கார்டில் புள்ளி சேர்த்து மைலாக மாற்றுவது இப்போது பரவலாகிவிட்டது. இதில் குறைப்பு இரண்டு இடத்தில் வரும்: வங்கியிடம் ஒருமுறை, விமான நிறுவனத்திடம் இன்னொருமுறை. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 புள்ளிக்கு 4 மைல் என்றிருந்த விகிதம், 2023 செப்டம்பர் 1 முதல் 5 புள்ளிக்கு 2 மைல் ஆனது. முந்தின நாள் 1,00,000 புள்ளி 80,000 மைல்; மறுநாள் 40,000.

ஆகவே புள்ளியை முன்கூட்டியே மாற்றிவைக்க வேண்டாம், தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் தேக்கவும் வேண்டாம். மைலாக மாற்றியதைத் திரும்பப் புள்ளியாக்க முடியாது. முதலில் விமான நிறுவனத் தளத்தில் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள். மாற்றம் சேரச் சில நாள் ஆகலாம், அதற்குள் இருக்கை போய்விடும் வாய்ப்பு உண்டு. இரண்டு மாற்றுத் தேதி கையில் இருக்கட்டும். கார்டிலும் மைல் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

கார்டு பாக்கியை முழுதாகக் கட்ட முடியாதவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். மாதம் 3.75 சதவீத வட்டியில் ஒரு லட்சம் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 3,750 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 675 ரூபாய்; மொத்தம் 4,425. சாதாரணமாக ஒரு கார்டு அவ்வளவு மதிப்புக்கு மைல் தருவதில்லை.

மைல் விற்பனை என்ற பெயரில்

“மைலில் போட்ட டிக்கெட், பாதி விலை” என்று வாட்ஸப்பில் வந்தால் தொடாதீர்கள். மைலை விற்பதை விமான நிறுவனங்களின் விதிகள் பொதுவாகவே தடுக்கின்றன. அப்படி வருவதில் திருட்டுக் கணக்கின் மைலும் கலந்திருக்கும். கணக்குக்காரர் புகார் கொடுத்ததும் டிக்கெட் ரத்தாகும். அது உங்களுக்குத் தெரியவருவது பெட்டியோடு கவுன்டர் முன் நிற்கும்போதுதான். உங்கள் கணக்கும் அப்படித் திருடு போகக்கூடியதே: கல்ஃப் எண்ணை விட்டு ஊர் திரும்பியவர்கள் பழைய மொபைல் எண்ணையே மைல் கணக்கில் வைத்திருந்தால், அந்த எண்ணை அடுத்து வாங்கியவருக்கு ஓ.டி.பி. போகும். விசா ரத்து செய்து திரும்பும் முன், சிம் கார்டை ஒப்படைக்கும் முன், கணக்கில் இந்திய எண்ணையும் நீங்கள் தினமும் திறக்கும் மின்னஞ்சலையும் மாற்றிப் போடுங்கள். பாஸ்வேர்டை ஏஜென்சியில் எழுதிக் கொடுத்திருந்தால் அன்றே மாற்றுங்கள். டிக்கெட் போட அவர்களுக்கு வேண்டியது உறுப்பினர் எண் மட்டும்தான்.